லயத்துலயும் தனி வீட்டுலயும் டெங்கு நுளம்பு பெருகாம பார்த்துக்கிறது எப்படி? மலைநாட்டு ஆக்களுக்காக

மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடிச்சா நம்ம பக்கம் எல்லாரும் துணி காய போடுறதுலயும் விறகு காய வைக்கிறதுலயும் தான் நிப்போம், ஆனா அந்த ரெண்டு நாள்ல தான் நுளம்புக்கும் வேலை ஆரம்பிக்குது. இன்னமும் நிறைய பேர் "இங்க குளிருங்க, டெங்கு எல்லாம் கொழும்பு பக்கம் வர்ற வருத்தம்" அப்படின்னு சொல்லிட்டு இருக்காங்க, அதை நம்பிட்டு இருந்தா பிள்ளைங்களுக்கு தான் ஆபத்து. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை, பதுளை இதெல்லாம் நல்லா டெங்கு வர்ற இடம். கினிகத்தேனை, பசறை, லுணுகலை மாதிரி கொஞ்சம் கீழ இருக்கிற ஊருங்கள்லயும் நுளம்புக்கு வேண்டிய சூடும் மழையும் தாராளமா கிடைக்குது. நுவரெலியா டவுன் மாதிரி உசரத்துல குளிரு கூட, அதுனால நுளம்பு வளர்றதும் மெதுவா தான் இருக்கும், வருத்தமும் குறைவு, அது உண்மை. ஆனா அங்க உள்ள பிள்ளைங்க கொழும்புல கடையில, கார்மெண்ட்ஸ்ல, வீட்டு வேலையில இருக்காங்க, தீபாவளிக்கு பொங்கலுக்கு தேருக்கு வீட்டுக்கு வர்றாங்க, வரும்போதே காய்ச்சலோட வர்றவங்களும் இருக்காங்க. நுளம்பு ஒருத்தரை கடிச்சு 4 நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள தான் காய்ச்சல் காட்டும், அதுனால பஸ் ஏறும்போது நல்லா இருந்த பிள்ளை வீட்டுக்கு வந்து படுத்துடும்.

2017-ல நாட்டுல 186,000 பேருக்கு மேல டெங்கு சந்தேகத்துல பதிவானாங்க, 400 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த வருஷம் வார்டுல கட்டில் கிடைக்காம ரெண்டு கட்டிலுக்கு நடுவுல பாய் போட்டு படுத்த ஆக்கள் நம்ம ஊருங்கள்லயே இருக்காங்க. அந்த மாதிரி இன்னொரு தடவை வராம இருக்கணும்னா நம்ம வீட்டை சுத்தி என்ன பண்ணணும், லயத்துல (ஒரே கூரைக்கு கீழ வரிசையா இருக்கிற தோட்டத்து வீடுங்கள்ல) எல்லாரும் சேர்ந்து எப்படி பண்ணணும், அப்படி பண்ணியும் காய்ச்சல் வந்துட்டா என்ன பண்ணணும், இதை தான் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் விவரமா எழுதுறேன்.

முதல்ல எதிரி யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. டெங்குவை பரப்புறது ரெண்டு வகை நுளம்பு, ஈடிஸ் எஜிப்டை, ஈடிஸ் அல்போபிக்டஸ். ரெண்டுமே கறுப்பு, கால்ல வெள்ளை வளையம் வளையமா இருக்கும். முதலாவது வீட்டுக்குள்ள, டவுன் பக்கம் கூடுதலா இருக்கும். ரெண்டாவது மரம், செடி, மூங்கில், தேயிலை மலை ஓரம்னு பச்சை இருக்கிற இடத்துல கூடுதலா இருக்கும், அதுனால தோட்டத்து ஆக்கள் இதை தான் கூடுதலா கவனிக்கணும். சிக்குன்குன்யாவை பரப்புறதும் இதே கூட்டம் தான். இது ரெண்டும் பகல்ல கடிக்கிற நுளம்பு, காலையில விடிஞ்சு ஒரு ரெண்டு மூணு மணித்தியாலமும் பின்னேரம் இருட்டுறதுக்கு முன்னாலயும் தான் ரொம்ப கடிக்கும். ராத்திரி காதுக்கிட்ட ரீங்காரம் போடுறது அனேகமா வேற நுளம்பு. அப்போ ராத்திரி மட்டும் நுளம்பு கொயில் கொளுத்திட்டு படுத்தா டெங்குவுக்கு அது பத்தாது.

அடுத்தது முட்டை. எல்லாரும் தப்பு விடுறது இங்க தான். இந்த நுளம்பு முட்டையை தண்ணிக்கு மேல மிதக்க விடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல, பாத்திரத்தோட உள் சுவர்ல ஒட்டி வைக்கும். கறுப்பா, மிளகாய் விதையை விட ரொம்ப சின்னதா இருக்கிறதால அழுக்குன்னு நினைச்சு விட்டுடுவோம். தண்ணியை கொட்டிட்டா முட்டை போயிடாது, காஞ்சு போன பாத்திரத்துலயே மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அடுத்த மழையில தண்ணி அந்த மட்டத்துக்கு ஏறின உடனே பொரிக்கும். அதுனால கொட்டுறது பாதி வேலை தான், தேங்காய் தும்பை வெச்சு உள் சுவரை நல்லா அழுத்தி தேய்ச்சு கழுவணும், விளிம்புக்கு கீழ இருக்கிற மடிப்பையும் விடக்கூடாது. சூடான இடத்துல முட்டையில இருந்து பறக்கிற நுளம்பு ஆக ஒரு கிழமை, பத்து நாள் போதும், அதுனால தான் கிழமைக்கு ஒருக்கா கட்டாயம்னு சொல்றாங்க. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பண்ணினா அதுக்குள்ள ஒரு கூட்டம் பறந்து போயிடும்.

சரி, எங்க எங்க பார்க்கணும். கூரையில இருந்து ஆரம்பிங்க. எல்லாரும் கீழ தான் பார்க்கிறாங்க, கூரையை யாரும் பார்க்கிறதில்ல. நம்ம லயத்து தகரம் காத்துக்கு பறக்காம இருக்க பழைய டயரை தூக்கி மேல போட்டிருப்போம். ஏணி வெச்சு ஏறி, அந்த டயருக்குள்ள டோர்ச் அடிச்சு பாருங்க. மேல வெயில் அடிச்சு தகரம் காஞ்சு கிடக்கும், ஆனா டயரோட சரிவுப் பக்கத்து வளைவுல ஒரு கோப்பை அளவு தண்ணி, கோப்பித்தூள் கரைச்ச நிறத்துல, காஞ்ச இலையோட நிக்கும். கையை மேல நீட்டி நிழல் விழ வெச்சீங்கன்னா புழு எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்கு ஓடிடும், ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆடாம ஒரு நிமிஷம் நில்லுங்க, ஒண்ணொண்ணா திரும்ப மேல வந்து வாலை மேல வெச்சு தலைகீழா தொங்கும். அது தான் குடம்பி. அதுக்கு நடுவுல தலை பெருத்து வளைஞ்சு கமா மாதிரி ஒண்ணு ரெண்டு கிடந்தா அது கூட்டுப்புழு, இன்னும் ரெண்டு நாள்ல பறக்கப் போறதுன்னு அர்த்தம். டயரை சும்மா கவுத்தாலும் தண்ணி முழுசா வெளியேறாது, உள்ளுக்கு சுத்தி ஓடி வேற பக்கம் நிக்கும், அது தான் டயரோட பிரச்சனை. அதுனால டயரை எடுத்துட்டு கல்லு, இல்லாட்டி மண்ணு நிரப்பின உர பேக்கை வாயை நல்லா கட்டி வைங்க. டயர் தான் வேணும்னா வட்டத்துல சுத்தி ரெண்டா அறுத்து, குழிப்பக்கம் தகரத்தை பார்த்து இருக்கிற மாதிரி கவுத்து போடுங்க, தண்ணி நிக்க இடமே இருக்காது. ஓட்டை மட்டும் போடுறதுன்னா சரிவுல கீழ வர்ற பக்கத்துல பெரிய ஓட்டையா ரெண்டு மூணு போடணும், சின்ன ஓட்டை இலை அடைச்சு ஒரு மாசத்துல பழையபடி ஆகிடும். மழைக்காலத்துல தகரம் ஈரமா இருக்கும்போது யாரும் ஏறாதீங்க, ஏறுறவங்களுக்கு கீழ ஒருத்தர் ஏணியை பிடிச்சுக்கோங்க.

கூரைத் தண்ணி ஓடுற தகர வாய்க்கால்ல சவுக்கு இலை, சருகு அடைச்சு நிக்கும், அதையும் அதே நேரத்துல வழிச்சு எடுத்துடுங்க.

இனி தண்ணி பரல். தண்ணி வர்ற நேரத்துல பிடிச்சு வைக்காம நம்ம பக்கம் வாழ முடியாது, அதுனால பரலை தூக்கிப் போடுங்கன்னு யார் சொன்னாலும் அது நடக்காத கதை. மூடுறது தான் வழி. ஆனா மூடி போட்டாச்சுன்னு நிம்மதியா இருக்காதீங்க, நீல பிளாஸ்டிக் பரல் மூடியோட விளிம்பு உசரமா இருக்கும், வெளிய வெச்ச பரல்னா மழைத்தண்ணி மூடி மேலயே நிக்கும், உள்ள சுத்தமா இருந்தாலும் மூடி மேல புழு நெளியும். மூடியில ஓரமா ஒரு ஓட்டை போட்டு தண்ணி வெளிய வடியிற மாதிரி பரலை கொஞ்சம் சாய்ச்சு வைங்க, அந்த ஓட்டை வழியா நுளம்பு உள்ள போகாம இருக்க கீழ ஒரு துண்டு நுளம்பு வலையை வெச்சு மூடுங்க. மூடியே இல்லாட்டி பழைய நுளம்பு வலை, இல்லாட்டி நெருக்கமா நெய்ஞ்ச பழைய சாரித்துணியை ரெண்டு மடிப்பா போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டின ரப்பரால வாயை சுத்தி இறுக்கி கட்டுங்க. துணி தொய்ஞ்சு தண்ணியில படக்கூடாது. கிழமைக்கு ஒரு நாள் பரலை காலியாக்கி தேய்ச்சு கவுத்து வைக்கணும், தண்ணி வீணாகாம இருக்க துணி துவைக்கிற நாள்ல இதை வெச்சுக்கோங்க. புழு இருந்த தண்ணியை கானுக்குள்ள ஊத்தாதீங்க, கான்ல தண்ணி தேங்கி நின்னா அங்க போய் உயிரோட வளரும். வெயில் படுற மண் தரையில ஊத்துங்க, மண்ணு உறிஞ்சிடும், புழு காஞ்சு செத்துடும்.

பெரிய சிமெந்து தாங்கி, மரக்கறித் தோட்டத்துல பொலித்தீன் விரிச்ச தண்ணிக் குழி, இதெல்லாம் கிழமைக்கு கிழமை காலியாக்க முடியாது. கீழ்ப்பக்கம் சூடான இடம்னா கப்பி மீன் விடலாம், புழுவை தின்னு தீர்த்துடும். குளிரு கூடின இடத்துல அந்த மீன் நல்லா தங்காது, வலை போட்டு மூடுறது நல்லது. இல்லாட்டி உங்க ஏரியா பிஎச்ஐ ஐயாகிட்ட (பொது சுகாதார பரிசோதகர்) கேளுங்க, புழுவை கொல்ற மருந்து அவங்க மூலமா போடலாம், அளவு தெரியாம நீங்களா எதையும் குடிக்கிற தண்ணியில போடாதீங்க. மருந்து தெளிக்கிற பூச்சிநாசினி மிச்சத்தை தாங்கியில ஊத்துற வேலையை தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க, அது மனுஷனை கொல்லும்.

வீட்டுக்குள்ள பார்க்க வேண்டியது கொஞ்சம் தான், ஆனா யாருக்கும் ஞாபகம் வராத இடங்க. ஃபிரிட்ஜ் பின்னால கீழ ஒரு தட்டு இருக்கும், அதுல தண்ணி நிக்கும். எறும்பு ஏறாம இருக்க அலமாரி காலுக்கு கீழ வெச்ச தண்ணி டப்பா, அதுல தண்ணிக்கு பதிலா உப்பு கலந்த தண்ணியோ கொஞ்சம் பழைய எண்ணெயோ ஊத்துங்க. சாமி படத்துக்கிட்ட வெச்ச பூச்செம்பு, மணி பிளாண்ட் போத்தல், இதுல தண்ணியை மட்டும் மாத்தாம போத்தலையும் வேரையும் கழுவுங்க. யாரும் பாவிக்காத டொய்லெட் இருந்தா கிழமைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தி விடுங்க.

வீட்டுக்கு வெளிய யோகட் கோப்பை, தயிர் சட்டி, சிரட்டை, செவ்விளநி கோம்பை, உடைஞ்ச பொம்மை, லன்ச் ஷீட், ஷொப்பிங் பேக். இதுங்களை கானுக்குள்ள எறியிறதை நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. மூங்கில் வெட்டுறவங்க கணுவை ஒட்டி வெட்டுங்க, நடுவுல வெட்டினா அந்த குழாய் தண்ணி நிறைஞ்சு நிக்கும், ஏற்கனவே வெட்டின கட்டைக்கு மண்ணு நிரப்புங்க. வாழை, அன்னாசி, சேம்பு இலைக்கு நடுவுல தேங்குற தண்ணியிலயும் அல்போபிக்டஸ் வளரும், வீட்டு வாசல்லயே அதை நெருக்கமா நடாம கொஞ்சம் தள்ளி நடுங்க, காஞ்ச மட்டையை வெட்டி விடுங்க. யட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கம் ரப்பர் தோட்டத்து ஆக்கள் பால் வெட்டாத மாசத்துல சிரட்டையை மரத்துல கவுத்து வைங்க. கோயில்ல தேங்காய் உடைச்ச மூடி, திருவிழா முடிஞ்ச முட்டி, அதை கோயில் கமிட்டி தான் அன்னைக்கே கூட்டி எடுக்கணும்.

பாதியில நிக்கிற தனி வீடு இருக்குதே, இதை தனியா சொல்லணும். காசு வராம, பொருள் விலை ஏறி, தளம் மட்டும் போட்டு வருஷக்கணக்கா நிக்கிற வீடு எங்க பக்கம் எத்தனையோ இருக்கு. சொந்தக்காரங்க மனசு நொந்து போய் அந்தப் பக்கமே போறதில்ல, அது விளங்குது. ஆனா கொங்கிரீட் தளத்துல பள்ளம், சிமெந்து குழைச்ச தொட்டி, கல்லு ஓட்டை, டொய்லெட் குழி இதெல்லாம் மழைக்கு நிறைஞ்சு நிக்கும். தளத்துல நிக்கிற தண்ணியை தும்புத்தடியால தள்ளி விடுங்க, பள்ளத்தை கொஞ்சம் சிமெந்து பூசி மட்டமாக்குங்க, குழியை தகரம் போட்டு இடைவெளி இல்லாம மூடுங்க.

இப்போ முக்கியமான விஷயம். இந்த நுளம்பு ரொம்ப தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்துல இருந்து ஒரு நூறு இருநூறு மீட்டருக்குள்ள தான் சுத்தும். அப்போ உங்களைக் கடிக்கிற நுளம்பு உங்க லயத்துல, இல்லாட்டி அடுத்த லயத்துல பிறந்தது. ஒரே கூரைக்கு கீழ பத்து பன்னெண்டு காம்பரா, நடுவுல ஒரு சுவர். நீங்க மட்டும் உங்க காம்பராவை பளிச்சுன்னு வெச்சு அடுத்த காம்பரா இஸ்தோப்புல பரல் திறந்து கிடந்தா உங்க பிள்ளைக்கும் வரும். அதுனால இதை தனியாளா பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை பெரட்டு (வேலைக்கு பேர் குடுக்கிறது) இல்ல, காலையில அரை மணித்தியாலம் லயத்துல எல்லாரும் ஒரே நேரத்துல இறங்குங்க. தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி சனிக்கிழமையே ஒரு குரல் குடுக்க சொல்லுங்க. வாலிபப் பிள்ளைங்க கூரைக்கும் பாதி கட்டின வீட்டுக்கும் போகட்டும், பரல் வேலையை பொம்பளைங்க தலையில மட்டும் கட்டாம ஆம்பளைங்களும் பரல் தேய்க்கணும், ஆறு நாள் மலை ஏறி கொழுந்து எடுத்த கைக்கு ஞாயித்துக்கிழமையாவது கொஞ்சம் ஓய்வு வேணும். வயசான அம்மாச்சி தாத்தா இருக்கிற காம்பராவை பக்கத்து ஆக்கள் பார்த்துக்கோங்க. பிள்ளைங்களுக்கு டோர்ச்சை குடுத்து புழு தேட விடுங்க, பெரியவங்க கண்ணுக்கு படாததை அதுங்க கண்டுபிடிக்கும். ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனை பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் இதை ஒரு கிழமை கூட விடாதீங்க, பதுளை, பசறை பக்கம்னா ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்.

கான் உடைஞ்சு தண்ணி தேங்குறது, குப்பை அள்ளாம இருக்கிறது, இதெல்லாம் நம்ம கையில இல்ல, தோட்ட நிர்வாகம் தான் செய்யணும். வாயால சொல்லி சொல்லி அலுத்துப் போறதை விட எழுதி குடுங்க, திகதி போட்டு, ஒரு கொப்பி கையில வெச்சுக்கோங்க. 2007-ம் வருஷத்து 11-ம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கிற சட்டப்படி இடத்துக்கு சொந்தக்காரர், அதை வெச்சிருக்கிறவர் யாரா இருந்தாலும் நுளம்பு பெருக விடக்கூடாது. சட்டம் ஏழைக்கு மட்டும் இல்ல. பதில் வராட்டி சுகாதார வைத்திய அதிகாரி ஒபிசுக்கு அதே கடிதத்தோட போங்க.

புகை அடிக்க வரலன்னு கோபப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை. புகை பறக்கிற நுளம்பை மட்டும் தான் கொல்லும், புழுவும் முட்டையும் அப்படியே இருக்கும், ஒரு கிழமையில அடுத்த கூட்டம் வந்துடும். லயத்துல ஒருத்தருக்கு டெங்குன்னு தெரிஞ்சா புகை அடிக்கிறதுல பிரயோசனம் இருக்கு, ஆனா அதே நாள்ல தண்ணியையும் கொட்டணும்.

கடி படாம இருக்கிறதுக்கு, பகல்ல தூங்குற குழந்தைக்கு பகல்லயே வலை போடுங்க. சாரித் தொட்டில்னா மேல இருந்து தொட்டில் முழுக்க மூடுற மாதிரி வலையை தொங்க விட்டு கீழ முடிச்சு போடலாம். பிள்ளை மடுவத்துலயும் (வேலை நேரத்துல பிள்ளைங்களை பார்த்துக்கிற இடம்) இதை கேளுங்க, அம்மாமார் மலையில நிக்கிற நேரம் தான் பிள்ளைங்க தூங்குற நேரம். ஸ்கூல் போற பிள்ளைக்கு கைகாலுக்கு நுளம்பு கிரீம் பூசி விடுங்க, ரெண்டு மாசத்துக்கு குறைஞ்ச கைக்குழந்தைக்கு பூச வேணாம், வலை தான். சிட்ரனெல்லா எண்ணெய் வாசம் போனா பலனும் போயிடும், அடிக்கடி பூசணும். சின்ன காம்பராவுக்குள்ள கதவை மூடிட்டு கொயில் கொளுத்துறது பிள்ளைங்க நெஞ்சுக்கு நல்லதில்ல, அதுவும் துணி, மெத்தை பக்கத்துல வைக்கவே கூடாது, லயம் நெருப்பு பிடிச்சா என்ன ஆகும்னு நமக்கு சொல்லித் தர வேண்டியதில்ல.

இவ்வளவு பண்ணியும் காய்ச்சல் வரலாம். வந்தா காய்ச்சல் ஆரம்பிச்ச நாளையும் நேரத்தையும் உடனே கலண்டர்ல எழுதுங்க, டொக்டர் முதல்ல கேக்கிறது அது தான். திடீர்னு கடும் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்கு பின்னால வலி, உடம்பு மூட்டு வலி, முகம் சிவக்கிறது, இப்படி இருந்தா டெங்குன்னே நினைச்சு நடங்க. பெனடோல் மட்டும் தான் குடுக்கலாம். பெரிய ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல போகக்கூடாது, மெலிஞ்ச ஆளுக்கும் பிள்ளைங்களுக்கும் நிறையை பார்த்து டொக்டர் சொல்ற அளவு. அஸ்பிரின், ஐபுப்ரொஃபென், டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அசிட், ஸ்டீரொய்ட் எதுவும் வேணாம், ரத்தக் கசிவை கூட்டும். கடையில "உடம்பு வலிக்கு ஒண்ணு தாங்க"ன்னு வாங்கி போடுற குளிசையில இது இருக்கலாம், அதுனால பேர் தெரியாத குளிசை வேணவே வேணாம். ஜீவனி (உப்பு சீனி கரைசல்), கஞ்சி, இளநி, பழச்சாறுன்னு குடுங்க, வெறும் தண்ணி மட்டும் வேணாம். சிவப்பு, கபில நிறத்துல எதுவும் குடுக்காதீங்க, வாந்தி எடுத்தா ரத்தமா ஜூஸான்னு தெரியாது. பப்பாசி இலைச் சாறை நம்பி ஆஸ்பத்திரிக்கு போறதை தள்ளிப் போடாதீங்க.

காய்ச்சல் வந்து ரெண்டாவது மூணாவது நாள்ல கட்டாயம் ஃபுல் பிளட் கவுண்ட் (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற பரிசோதனை) எடுங்க. அதுல பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) ஒரு லட்சத்துக்கு கீழ வந்தா வீட்டுல வெச்சிருக்கக் கூடாது. கர்ப்பிணி, கைக்குழந்தை, சீனி வருத்தக்காரங்க, வயசானவங்க இவங்களை கவுண்டுக்கு காத்திருக்காம முதல்லயே காட்டுங்க. முன்னால ஒரு தடவை டெங்கு வந்தவங்களும் கவனம், வைரஸ்ல நாலு வகை இருக்கு, ரெண்டாவது தடவை வேற வகை வந்தா கடுமையாகலாம்.

காய்ச்சல் விடுற நேரம் தான் ஆபத்தான நேரம், இதை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. மூணாவது நாலாவது நாள் உடம்பு குளிர்ந்ததும் "பிள்ளைக்கு சுகமாச்சு"ன்னு அம்மா மலைக்கு போயிடுறாங்க, போகாட்டி பேர் விழாது (அந்த நாள் சம்பளம் இல்ல), அந்த கஷ்டம் எனக்கு நல்லா தெரியும். ஆனா அந்த ஒண்ணு ரெண்டு நாள்ல தான் ரத்தக் குழாயில இருந்து நீர் கசிஞ்சு பிரஷர் இறங்கும். அந்த நாள்ல ஒரு பெரிய ஆள் கட்டாயம் பக்கத்துல இருக்கணும். தொடர்ந்து வாந்தி, கடும் வயித்து வலி, முரசு மூக்குல ரத்தம், கறுப்பா மலம் போறது, கைகால் சில்லுன்னு ஆகிறது, தூங்கி விழுறது இல்லாட்டி நிலையில்லாம அரண்டு கிடக்கிறது, 6 மணித்தியாலமா சலம் போகாம இருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ஆட்டோவுக்கு காசு தேடிட்டு நிக்காதீங்க, 1990-க்கு அடிங்க, அந்த அம்புலன்ஸ் காசில்லாம வரும். ரோட்டு வரைக்கும் வாகனம் வராத லயம்னா நோயாளியை நடக்க விடாதீங்க, தூக்கிட்டு வாங்க. கவுண்ட் ரிப்போர்ட் எல்லாம், என்ன குடிச்சாங்க எத்தனை தடவை சலம் போச்சுன்னு எழுதின துண்டு, குடுத்த குளிசை பேர், இதையெல்லாம் ஒரு பேக்ல போட்டு கையோட கொண்டு போங்க. வெளிநாட்டுல இருந்து புதுசா வந்தவர்னா அதையும் சொல்லுங்க, 2016-ல உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடுன்னு அறிவிச்சிட்டாங்க, ஆனா வெளிய போயிட்டு வர்றவங்களுக்கு மலேரியாவா இருக்கலாம், டொக்டர் அதுக்கும் ரத்தம் பார்க்கணும்.

வீட்டுல காய்ச்சலோட படுத்திருக்கிற ஆளுக்கு பகல்லயும் வலை போடுங்க, அவரைக் கடிச்ச நுளம்பு தான் அடுத்த காம்பராவுக்கு கொண்டு போகும். லயத்துல ஒருத்தருக்கு டெங்குன்னு உறுதியான உடனே மறைக்காம தலைவருக்கும் பிஎச்ஐக்கும் மிட்வைஃப் அம்மாவுக்கும் சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கு பின்னேரமே கூரை, பரல், கான் எல்லாத்தையும் ஒரு தடவை பாருங்க, அதுக்கப்புறம் ரெண்டு கிழமைக்கு லயத்துல யாருக்கு காய்ச்சல் வந்தாலும் சும்மா தடிமன்னு விடாம கவுண்ட் எடுங்க.